எடை குறைந்த குழந்தையும் இரத்தப் பரிசோதனையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறப்பவர்களை எடை குறைந்த குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. இவர்களில் சிலர் குறைமாதக் குழந்தைகள். மற்றவர்கள் கருப்பையில் போதிய வளர்ச்சி பெறாதவர்கள். இந்த இரண்டாம் வகையினரைப் பற்றியவை கீழே வருபவை.

நம்பிக்கை: மெலிந்த குழந்தைக்கு இரத்தம் குறைவாக இருக்கும்.

உண்மை: பிறக்கும்போது பலருக்கு நிலைமை நேர்மாறு. நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜன் போதாதபோது கரு சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். அதனால் ஹீமோகுளோபின் உயர்ந்து இரத்தம் கெட்டிப்படலாம். ஆனால் இரும்புச் சேமிப்பு குறைவு என்பதால், சில மாதங்கள் கழித்து இரத்தசோகை தலைகாட்டலாம்.

நம்பிக்கை: குழந்தை சுறுசுறுப்பாக இருந்தால் சர்க்கரை பார்க்க வேண்டியதில்லை.

உண்மை: கல்லீரலில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு குறைவாக இருப்பதால், முதல் ஓரிரு நாட்களில் அறிகுறி ஏதுமின்றியே சர்க்கரை இறங்கலாம். குதிகாலில் எடுக்கும் ஒரு துளி இரத்தம் அதைக் காட்டிவிடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் தருவது முதல் தற்காப்பு.

நம்பிக்கை: வளர்ச்சி ஹார்மோன் இல்லாததால்தான் குழந்தை சிறுத்துப் பிறக்கிறது.

உண்மை: கருவின் வளர்ச்சியை முக்கியமாக நடத்துபவை இன்சுலினும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனும். சிறுத்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் குறைந்திருப்பது ஐஜிஎஃப்-1. வளர்ச்சி ஹார்மோனோ பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஊட்டம் கிடைத்ததும் ஐஜிஎஃப்-1 ஏறும். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் 2 வயதுக்குள் உயரத்தில் மற்றவர்களை எட்டிப் பிடிக்கிறார்கள். ஹார்மோன் ஊசி பற்றிய யோசனை எஞ்சியவர்களுக்கே எழும்.

நம்பிக்கை: எடை குறைந்த குழந்தையின் உடலில் கொழுப்பு இராது.

உண்மை: புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டனர். சராசரி எடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. புனே குழந்தைகளிடம் தசை வெகுவாகக் குறைந்திருந்தது. முதுகுத் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. புனே குழந்தைகளை லண்டன் குழந்தைகளோடு ஒப்பிட்ட இன்னொரு ஆய்வில், எடை குறைவாக இருந்தும் தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக இருந்தது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டினும் குறையவில்லை.

நம்பிக்கை: எடை எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.

உண்மை: சிறுத்துப் பிறந்த குழந்தையின் உடல் தொடக்கத்தில் இன்சுலினுக்கு நன்கு இணங்கும். எடை மிக வேகமாக ஏறினால், சில ஆண்டுகளிலேயே அந்த இணக்கம் குறைந்து, இன்சுலின் உயர்ந்து, வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்கிறது. இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையில், சத்துக் கூட்டிய பால்பவுடரில் வளர்ந்தவர்களுக்கு 6 முதல் 8 வயதில் இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தது. நிறைமாதத்தில் பிறந்து தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் பால்பவுடர் சேர்க்கத் தேவையில்லை.

நம்பிக்கை: ஒரே இரத்தப் பரிசோதனை எதிர்கால நோயைச் சொல்லிவிடும்.

உண்மை: ஐஜிஎஃப்-1 வயது, ஊட்டம், உடல்நிலை ஆகியவற்றுக்கேற்ப மாறும். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், அடிப்போனெக்டின் ஆகியவற்றின் அளவுகள் இப்போதைக்குப் பெரும்பாலும் ஆய்வுக்கே உதவுகின்றன. நோய் அறிகுறி இல்லாத குழந்தைக்கு எடை, நீளம், தலைச்சுற்றளவு மூன்றையும் வளர்ச்சி அட்டையில் தொடர்ந்து குறித்து வருவதே அடிப்படைக் கண்காணிப்பு.