கண்காணிப்பும் பேணலும்

உடலியக்கக் குறைபாடு உடையோர்க்கு மருத்துவமனைச் சிகிச்சையோடு பணி முடிந்துவிடுவதில்லை. இல்லத்தில் பயிற்சி நாள்தோறும் தொடர்தல் வேண்டும். மூளை முடக்குவாதம் உற்ற குழந்தைகளுக்கு இது பெரிதும் பொருந்தும். ஆனால், பெற்றோர் இருவரும் பனியன் கம்பெனிக்குச் செல்லும் நம் திருப்பூர் இராயபுரம் போன்ற பகுதிகளில், குழந்தையை அடிக்கடி பயிற்சி மையத்திற்குத் தூக்கிச் செல்வது எளிதன்று. ஒருநாள் விடுப்பு என்பது ஒருநாள் கூலி இழப்பாகும். இவ்விடர்ப்பாட்டுக்குத் தமிழகத்திலேயே காணப்பட்ட வழியொன்றை இங்கு நோக்குவோம்.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் 1981ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதனை நிறுவிய எஸ். இராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தவர். 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதுக்குரியவர். சிற்றூர்க் குழந்தைகளின் தொடக்கநிலைப் பயிற்சிக்காக இச்சங்கம் ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்னும் கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்தி வருகிறது.

அதன் செயன்முறை வருமாறு: சமுதாய மறுவாழ்வுப் பணியாளர் இல்லம் தேடிச் செல்கிறார். தலை நிமிர்த்தல், உட்காருதல், நிற்றல் முதலியவற்றில் குழந்தையின் நிலையை அளந்து செயலியில் பதிகிறார். தொலைவிலுள்ள இயன்முறை மருத்துவர் முதலிய வல்லுநர்கள் அப்பதிவுகளை ஆராய்ந்து அடுத்த பயிற்சியை வகுக்கின்றனர். முன்னேற்றம் தடைப்படின் அதுவும் பதிவில் புலப்படுகிறது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் நேர்வருகை நின்றபோது, கைப்பேசி வழியே பெற்றோர்க்கு வழிகாட்டல் தொடர்ந்தது.

இங்குச் சொல்லாராய்ச்சி ஒன்று துணைசெய்யும். தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரை மேற்பார்த்தவர் ‘கங்காணி’ எனப்பட்டார். அது ‘கண்காணி’ என்பதன் திரிபாகும். கண்காணிப்பு என்னும் சொல்லில் அதிகாரத்தின் சாயல் இன்றும் படிந்துள்ளது. குறைபாடுடையோரின் உடல்நிலையைத் தொலைவிலிருந்து நோக்குவது அத்தகையதாகிவிடலாகாது. எதனைப் பதிகின்றனர், யார் காண்கின்றனர் என்பதைக் குடும்பத்தார் அறிந்து இசைதல் வேண்டும். தம் கருத்தை உரைக்க வல்லவர் எனின், குறைபாடுடையவரின் இசைவே முதன்மையானது.

மேலும், கருவி வல்லுநரின் கண்ணை வீட்டிற்குக் கொணருமேயன்றிக் கையைக் கொணராது. குழந்தையின் காலை நீட்டி மடக்குவது தாயின் கை; தாய் வேலைக்குச் சென்றிருப்பின் பாட்டியின் கை. அக்கைக்குப் பயிற்சியும் ஓய்வும் அளிக்காது செயலியை மட்டும் அளித்தல் நிறைபயன் தராது. நம் மாணவர்கள் பணியாளரிடம் முறையாகப் பயின்று, தத்தம் தெருவில் ஓரில்லத்திற்கேனும் துணைநிற்பராயின், கண்காணிப்பு பேணலாக மலரும்.