பழைய பைக் குழுவுக்குச் சந்தா கட்டலாமா?

இன்டர்நெட்டில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்போது, பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களின் இணையக் குழு ஒன்று ஆண்டுச் சந்தா கேட்டால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் அந்த அறிவிப்பை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நான் கட்டுகிறேன். ஏன் கட்டுகிறேன், கட்டும் முன் எதையெல்லாம் பார்க்கிறேன், கம்ப்யூட்டரில் அதை எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

என்னிடம் இருப்பது ஒரு யெஸ்டி 250. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் தயாரித்தது. அந்தத் தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. ஜாவா என்ற பெயர் 2018இலும் யெஸ்டி என்ற பெயர் 2022இலும் மீண்டும் சந்தைக்கு வந்தன. ஆனால் அவை நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள், எஞ்சினே வேறு. என் வண்டி பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் ரகம். கியர் லீவரையே உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அது கிக்கராக மாறிவிடும். இதைப் பார்த்தாலே இன்றைய இளம் மெக்கானிக்குகள் திகைத்துப் போகிறார்கள். இந்த வண்டியைப் பற்றிய அறிவு இன்று ஷோரூமில் இல்லை. வயதான சில மெக்கானிக்குகளிடமும், இதை வைத்திருப்பவர்களிடமும், அவர்கள் கூடிப் பேசும் இணையக் குழுக்களிலும்தான் இருக்கிறது.

ஆகவே அந்தக் குழு மூடப்பட்டால் நமக்கு நஷ்டம் அரட்டை அல்ல. வயரிங் படம், பார்ட் நம்பர், எந்த வண்டியின் பேரிங் எதற்குப் பொருந்தும் என்ற பட்டியல் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

இலவசம் எப்படிப் போகும்?

இது வெறும் பயம் அல்ல. இரண்டு உதாரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது யாகூ குரூப்ஸ். உலகெங்கும் பழைய பைக் பிரியர்கள் உட்படப் பலர் அதில்தான் கூடினார்கள். படங்கள், பைல்கள், பல ஆண்டுக் கேள்வி பதில்கள் எல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. 2019 அக்டோபரில், இனி எதையும் ஏற்ற முடியாது, இருப்பவையும் அழிக்கப்படும் என்று யாகூ அறிவித்தது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே நின்றுபோனது. கட்டணம் செலுத்தி குரூப்ஸ் டாட் ஐஓ போன்ற வேறு இடத்துக்கு மாறிய குழுக்கள் தங்கள் பழைய செய்திகளைக் காப்பாற்றிக் கொண்டன. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்த குழுக்கள் காணாமல் போயின.

இரண்டாவது போட்டோபக்கெட். பல குழுக்களில் உறுப்பினர்கள் படங்களை இந்த இலவசத் தளத்தில் ஏற்றி, இணைப்பை மட்டும் குழுவில் போடுவார்கள். 2017 ஜூன் இறுதியில், படங்கள் வேறு தளங்களில் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர் கட்ட வேண்டும் என்று அந்நிறுவனம் விதியை மாற்றியது. அடுத்த ஆண்டு கட்டணத்தைக் குறைத்தது; ஆனால் அதற்குள் சேதம் நடந்துவிட்டது. "படத்தில் காட்டியபடி இந்த ஸ்பிரிங்கை மாட்டவும்" என்ற வாக்கியம் அப்படியே இருக்கும். படம் இருந்த இடத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை! கிளட்சைப் பிரித்துப் போட்டுவிட்டு அதைப் பார்ப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

எனவே சந்தா கட்டும்போது நாம் வாங்குவது படிக்கும் உரிமையை அல்ல. படங்களும் பைல்களும் குழுவின் சொந்தப் பொறுப்பில் இருக்கும் சர்வரில் அடுத்த ஆண்டும் இருக்க வேண்டும், அதற்காகத்தான் பணம்.

இன்டர்நெட்டுக்கு முன்பே இப்படி நடந்திருக்கிறது. பிரிட்டனில் 1946இல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப், உறுப்பினர் சந்தாவை வைத்து ஒரு நூலகத்தையே நடத்துகிறது. மூடிப்போன பல கம்பெனிகளின் தயாரிப்புப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. எஞ்சின் எண்ணையும் பிரேம் எண்ணையும் கொடுத்தால், வண்டி எந்த ஆண்டு தயாரானது என்று சான்றிதழ் தருகிறார்கள். கம்பெனிக்காரர்கள் குப்பையில் போட்டிருக்கக் கூடியதை வண்டிக்காரர்கள் காசு போட்டுக் காப்பாற்றினார்கள். நம் ஊர்ப் பழைய வண்டிகளுக்கு அப்படி ஒரு நூலகம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

பணம் எங்கே செலவாகிறது?

தளத்தின் பெயருக்கான கட்டணம் பெரிய தொகை அல்ல. டாட் காம் பெயர் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாயோ சற்றுக் கூடுதலோ ஆகும். பையைக் கடிப்பது படங்களும் மேனுவல்களும்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் 2480 x 3508 புள்ளிகள், அதாவது சுமார் 87 லட்சம் பிக்சல்கள். முழு வண்ணத்தில் ஒரு பிக்சலுக்கு 3 பைட் வீதம் சுமார் 26 மெகாபைட். ஜேபெக்காகச் சுருக்கினால் 2 மெகாபைட் என்று வைத்துக் கொள்ளலாம். 150 பக்க மேனுவல் 300 மெகாபைட் ஆகிவிடும். 400 உறுப்பினர்கள் அதை டவுன்லோட் செய்தால் சர்வரிலிருந்து வெளியே போவது 120 ஜிகாபைட். ஒரே ஒரு மேனுவலுக்கு!

இதே மேனுவலைக் கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் என்ன ஆகும்? ஒரு பிக்சலுக்கு ஒரு பிட் போதும். சுருக்குவதற்கு முன்பே பக்கம் சுமார் 1.1 மெகாபைட்தான். இத்தகைய பக்கங்களுக்கென்றே இருக்கும் ஜி4 முறையில் சுருக்கினால் ஒரு பக்கம் 100 கிலோபைட் அளவுக்கு இறங்கிவிடும். முழு மேனுவலும் 15 மெகாபைட். 400 பேர் எடுத்தாலும் 6 ஜிகாபைட்தான். வயரிங் படங்களும் பார்ட்ஸ் வரைபடங்களும் கோடுகள்தானே, அவற்றுக்கு வண்ணம் எதற்கு? ஒயரின் நிறத்தை எழுத்தில் குறித்திருப்பார்கள். போட்டோ உள்ள பக்கங்களுக்கு மட்டும் கிரேஸ்கேல் வைத்துக் கொள்ளுங்கள்.

எனவே உங்கள் ஸ்கேனரில் கலர் என்று இருப்பதை பிளாக் அண்ட் ஒயிட் என்று மாற்றுவதும் குழுவுக்குக் கொடுக்கும் நன்கொடைதான். அதேபோல் செல்போனில் எடுக்கும் போட்டோக்களை அப்படியே ஏற்றாமல் அகலத்தை 1600 பிக்சலாகக் குறைத்து ஏற்றவும். கூடவே இன்னொன்று: போட்டோவுக்குள் உங்கள் வீட்டின் இருப்பிடம் பதிவாகியிருக்கலாம். அரிய வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று ஊருக்கே சொல்ல வேண்டுமா? விண்டோஸில் அந்தப் பைலின் மீது ரைட் க்ளிக் செய்து, பிராப்பர்டீஸ் சென்று, டீடெயில்ஸ் டேபில் ‘ரிமூவ் பிராப்பர்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன்’ என்பதைப் பயன்படுத்தி அதை நீக்கி விடலாம்.

கட்டும் முன்

நான் குழு நிர்வாகியிடம் கேட்பது மூன்று கேள்விகள். கடந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது? பேக்கப் எங்கே இருக்கிறது, அதே சர்வரிலா அல்லது வேறு இடத்திலா? நிர்வாகிக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாஸ்வேர்ட் வேறு யாரிடம் இருக்கிறது? மூன்றாவதைக் கேட்கத் தயங்க வேண்டாம். பல குழுக்கள் ஒரே மனிதரின் உழைப்பில் நடக்கின்றன. அந்த மனிதருக்கும் வயதாகிறது.

ஒரு விஷயத்தை யாரையும் கேட்காமல் நீங்களே பார்த்துக் கொள்ளலாம். பிரவுசரில் லுக்கப் டாட் ஐகான் டாட் ஆர்க் என்ற முகவரிக்குச் (ஆங்கிலத்தில் டைப் செய்யவும்) சென்று குழுவின் தளப் பெயரைக் கொடுங்கள். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். ஆனால் பதிவு எப்போது காலாவதியாகிறது என்ற தேதி தெரியும். டாட் காம் பெயர் காலாவதியானால் உடனே பறிபோய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாட்கள் வரை சலுகை, பிறகு அபராதத்துடன் மீட்க 30 நாட்கள், கடைசியாக 5 நாட்கள். அதன் பின் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தேதி நெருங்கினால் நிர்வாகிக்கு ஒரு மெயில் தட்டுங்கள்.

கட்டும் முறை

உள்நாட்டுக் குழு என்றால் யூபிஐ எளிது. பணம் போகும் முன் திரையில் தெரியும் பெயர் குழுவின் பெயரோ, குழு வெளிப்படையாக அறிவித்த பொருளாளரின் பெயரோதானா என்று பார்க்கவும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் க்யூஆர் கோடை நம்ப வேண்டாம். தளத்தில் லாகின் செய்து அங்கே இருப்பதையே பயன்படுத்தவும்.

வெளிநாட்டுக் குழு என்றால் கார்டு அல்லது பேபால். பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையை நிறுத்திவிட்டது; வெளிநாட்டுக்குக் கட்டுவதற்குப் பயன்படுகிறது. 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். வங்கியின் ஆப்பில் அதைத் திறந்து, தேவையான அளவுக்கு மட்டும் வரம்பு வைத்து, பணம் கட்டியதும் மறுபடி மூடி விடுங்கள். அந்நியச் செலாவணிக்கு வங்கி தனியாகக் கட்டணம் பிடிக்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளவும்.

‘ஆட்டோ ரென்யூவல்’ பெட்டியில் டிக் அடித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். 2021 அக்டோபர் 1 முதல், இந்தியக் கார்டுகளில் தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே நம் அனுமதியைப் பதிவு செய்ய வேண்டும். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வர வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத வெளிநாட்டுத் தளங்களில் புதுப்பிப்பு தோல்வியடையும். குழுவுக்குப் பணம் போகாது, நமக்கும் தெரியாது. ஆகவே நான் ஒவ்வொரு ஆண்டும் கையால்தான் கட்டுகிறேன். செல்போன் காலண்டரில் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.

சந்தா கட்டியாயிற்று என்று உங்கள் சொந்தப் பிரதியை விட்டுவிட வேண்டாம். பயனுள்ள பக்கம் கண்ணில் பட்டால் கண்ட்ரோல், பி அழுத்தி, பிரிண்டருக்குப் பதிலாக ‘சேவ் ஆஸ் பிடிஎப்’ தேர்ந்தெடுத்துத் தனி போல்டரில் சேமித்து வைக்கவும். பொதுவில் திறந்திருக்கும் பக்கம் என்றால் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தின் ‘சேவ் பேஜ் நவ்’ வசதியில் அதன் முகவரியைக் கொடுத்தும் ஒரு நகல் எடுக்கலாம். லாகின் செய்தால் மட்டுமே தெரியும் பக்கங்களை அது எடுக்காது. அவற்றுக்கு பிடிஎப்தான் வழி. பைலின் பெயரில் வண்டி மாடலையும் பாகத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். வண்டியைப் பிரித்துப் போட்டுக் கையெல்லாம் கிரீஸாக இருக்கும்போது தேடுவதற்கு அதுதான் உதவும்.