பணவீக்கப் பத்திரங்கள்: எந்த விலை உயர்வுக்கு ஈடு?

அரசு ஊழியரைப் போல் மாதந்தோறும் ஓய்வூதியம் நம் வணிகர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. கடையின் வரவில் மிச்சம் பிடித்து ஒதுக்கும் பணமே முதுமைக்கும் பிள்ளைகளின் படிப்பு, திருமணத்துக்கும் உதவ வேண்டும். அந்தப் பணத்தை விலைவாசி தின்றுவிடாமல் காப்பதாகச் சொல்லி வருபவைதாம் பணவீக்கத்தோடு இணைத்த கடன் பத்திரங்கள். இவற்றை வாங்க நினைக்கும் வணிகர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "வட்டி எவ்வளவு?" என்பதன்று. "எந்தக் குறியீட்டோடு இணைத்திருக்கிறார்கள்?" என்பதே.

பழைய கூடை

இம்முறை புதிதன்று. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1780இல், மாசசூசெட்ஸ் மாநிலம் தன் போர் வீரர்களுக்கு ஊதியத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டு வழங்கியது. காகிதப் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்த காலம் அது. ஆகவே மக்காச்சோளம், மாட்டிறைச்சி, ஆட்டு ரோமம், செருப்புத் தோல் ஆகிய நான்கு சரக்குகளைக் குறிப்பிட்ட அளவில் சேர்த்து, அவற்றின் மொத்த விலை ஏறும் அளவுக்கு அசலும் வட்டியும் ஏறும் என்று சீட்டிலேயே எழுதினார்கள். இன்றைய விலைக் குறியீட்டெண்ணும் இப்படி ஒரு கூடைதான். சரக்குகளின் எண்ணிக்கை மட்டும் நூற்றுக்கணக்காகப் பெருகிவிட்டது.

இரண்டு கூடைகள்

நம் நாட்டில் முக்கியமானவை இரண்டு. மொத்த விலைக் குறியீடு சரக்குகளை மட்டுமே கணக்கில் கொள்கிறது. 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரில் தொழிற்சாலைப் பொருள்களுக்கு 64.23 சதவிகிதமும், எரிபொருள், மின்சாரத்துக்கு 13.15 சதவிகிதமும் பங்கு தரப்பட்டன. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவர் கட்டணம் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை.

நுகர்வோர் விலைக் குறியீடு குடும்பச் செலவைப் பார்க்கிறது. 2012 அடிப்படை ஆண்டுத் தொடரில் உணவு, பானங்களுக்கு மட்டும் 45.86 சதவிகிதம் ஒதுக்கப்பட்டது. வாடகையும் கல்வியும் மருத்துவமும் அதில் சேர்ந்தன.

இந்தப் பங்கு விகிதம் என்ன செய்யும் என்று பார்ப்போம். உணவுப் பொருள்களின் விலை மட்டும் 10 சதவிகிதம் ஏறி, மற்றவை அப்படியே நிற்பதாகக் கொள்வோம். நுகர்வோர் குறியீடு ஏறத்தாழ 4.6 சதவிகிதம் உயரும். மொத்த விலைக் குறியீட்டில் பதப்படுத்திய உணவையும் சேர்த்தே உணவின் பங்கு 24.38 சதவிகிதம். ஆகவே அது சுமார் 2.4 சதவிகிதமே உயரும்.

நடந்த கதை

2013 ஜூனில் ரிசர்வ் வங்கி, அரசின் சார்பில் 10 ஆண்டுப் பணவீக்கப் பத்திரத்தை வெளியிட்டது. வட்டி 1.44 சதவிகிதம். இணைத்த குறியீடு மொத்த விலைக் குறியீடு. கணக்கு எளிது. 1,00,000 ரூபாய்க்கு வாங்கியபின் குறியீடு 5 சதவிகிதம் ஏறினால் அசல் 1,05,000 ஆகும். வட்டியும் அந்த ஏறிய அசல் மீதே கணக்கிடப்படும். ஆண்டுக்கு 1,512 ரூபாய். குறியீடு இறங்கினால் அசலும் இறங்கும். ஆனால் முதிர்வின்போது முகமதிப்புக்குக் குறையாமல் தருவார்கள்.

2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2015 இறுதியில் 40 டாலருக்கும் கீழே வந்தது. அதனால் 2015 முழுவதும் மொத்த விலைக் குறியீடு முந்தைய ஆண்டைவிடக் குறைவாகவே இருந்தது. அதே ஆண்டில் நுகர்வோர் குறியீடு சராசரியாக 5 சதவிகிதத்தை ஒட்டி உயர்ந்தது. அக்டோபரில் பல நகரங்களில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதை மளிகை வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுச் செலவு ஏறியது. பத்திரத்தின் அசலோ இறங்கியது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பத்திரம் தான் சொன்ன குறியீட்டைத்தான் பின்பற்றியது.

2013 டிசம்பரில் தனிநபர்களுக்கென வந்த சேமிப்புப் பத்திரம் நுகர்வோர் குறியீட்டோடு இணைக்கப்பட்டது. விலை உயர்வோடு 1.5 சதவிகிதம் சேர்த்து, கூட்டு வட்டியாக 10 ஆண்டு முடிவில் தருவது திட்டம். குறைந்தபட்ச முதலீடு 5,000 ரூபாய். இந்த இரு வெளியீடுகளும் முதிர்ந்துவிட்டன. இனி வரும் வெளியீடுகளை எடைபோட இவையே நமக்குப் பாடம்.

வாங்கி விற்பவர்களுக்கு

சாதாரண அரசுப் பத்திரம் 7 சதவிகிதமும், பணவீக்கப் பத்திரம் விலை உயர்வு போக 2 சதவிகிதமும் தருவதாகக் கொள்வோம். இடையிலுள்ள 5 சதவிகிதமே இரண்டும் சமமாகும் புள்ளி. குறியீடு ஆண்டுக்கு 5 சதவிகிதத்துக்கு மேல் ஏறினால் பணவீக்கப் பத்திரம் லாபம். குறைந்தால் சாதாரணப் பத்திரம் லாபம். சரக்கை இன்றே பிடிப்பதா, பொறுத்திருப்பதா என்று நாம் அன்றாடம் போடும் கணக்குப் போன்றதுதான் இது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பிரிட்டனில் 2022 அக்டோபரில் நுகர்வோர் விலை உயர்வு 11.1 சதவிகிதத்தை எட்டியது. ஆனாலும் அந்த ஆண்டில் அங்கே நீண்டகாலப் பணவீக்கப் பத்திரங்களின் சந்தை விலை கடுமையாகச் சரிந்தது. வட்டி விகிதங்கள் வேகமாக ஏறியதே காரணம். முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு உள்ள பாதுகாப்பு, இடையில் விற்பவருக்கு இல்லை.

கேட்க வேண்டியவை

இணைத்த குறியீடு எது? அந்தக் கூடையில் நம் செலவு எவ்வளவு அடங்குகிறது? குறியீடு இறங்கினால் அசலுக்கு உறுதி உண்டா? இடையில் பணம் தேவைப்பட்டால் என்ன விலை கிடைக்கும்? இந்த நான்குக்கும் தெளிவான விடை கிடைத்த பிறகு பணத்தைக் கொடுப்போம். சரக்கு வாங்கும்போது தராசைப் பார்க்கும் நாம், பத்திரம் வாங்கும்போதும் அதைப் பார்ப்பதே முறை.