பச்சை இலையின் சிவப்பு ஒளி

கீரை இலைகள் சிலவற்றைக் கசக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுங்கள். (அருகில் தீ கூடாது, ஆசிரியர் உடனிருக்கட்டும்.) பச்சைக் கரைசலைச் சோதனைக் குழாயில் எடுத்து, பின்னால் கறுப்புத் துணி வைத்து, வெயில் படும் பக்கமாக நின்று பாருங்கள். கரைசல் இரத்தச் சிவப்பாகத் தோன்றும்! ஒளியைக் கவர்ந்த பச்சையம் அந்த ஆற்றலில் ஒரு பங்கைச் சிவப்பொளியாகத் திருப்பி விடுகிறது. இதற்கு உடனொளிர்வு என்று பெயர்.

மரத்திலுள்ள இலை ஏன் அவ்வாறு ஒளிரவில்லை? ஒளிரத்தான் செய்கிறது, ஆனால் மிக மங்கலாக. கவர்ந்த ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே அப்படி வெளிவரும். கரைசலில் பச்சையத்திற்கு வேலை இல்லை. இலையிலோ ஆற்றலின் பெரும்பகுதி எலெக்ட்ரான்களைத் தள்ளப் பயன்படுகிறது, ஒரு பகுதி வெப்பமாகிறது, மிச்சமே சிவப்பொளி.

1931-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்களான கௌட்ஸ்கியும் ஹிர்ஷும் இருட்டில் வைத்திருந்த இலைமீது திடீரென ஒளி பாய்ச்சினர். சிவப்பொளி ஓரிரு வினாடிகளில் விரைந்து கூடியது. பின்னர்ச் சில நிமிடங்களில் மெல்லக் குறைந்தது. விளக்கின் ஒளி மாறவில்லை. பின் மாறியது எது?

வாய்க்காலின் கடைமடை அடைபட்டால் தலைப்பில் நீர் கரை வழிகிறதல்லவா? இலையிலும் அதுவே நிகழ்கிறது. நீரிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான், பச்சையத்தின் வழியே குவினோன் என்னும் ஏற்பியை அடைந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறிச் சென்று, கரியமில வாயுவைச் சர்க்கரையாக்க உதவுகிறது. இருட்டில் இருந்த இலையில் இந்த ஏற்பிகள் காலியாக இருக்கும். ஒளி பட்டதும் அவை நிரம்பிவிடுகின்றன. சர்க்கரை செய்யும் நொதிகளோ உடனே விழித்துக்கொள்வதில்லை. எனவே ஆற்றல் சிவப்பொளியாக வழிகிறது. நொதிகள் வேலையைத் தொடங்கியதும் பாதை திறக்கிறது; ஒளிர்வும் தணிகிறது. (வெப்பமாகக் கழியும் பங்கு கூடுவதும் ஒரு காரணமே.)

இது வெறும் உவமை அன்று. டையூரான் என்ற களைக்கொல்லி முதற் குவினோனுக்கும் அடுத்த குவினோனுக்கும் இடையே எலெக்ட்ரானை மறிக்கிறது. அம்மருந்து ஏறிய இலையில் சிவப்பொளி கிடுகிடுவென ஏறும், ஏறியது இறங்காது. செடி வாடுவதற்கு முன்பே அதன் உள்நிலையை அறிய இதைவிட எளிய வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இலையைப் பறிக்கவும் வேண்டாம். சிறிது நேரம் இருட்டில் மூடி வைத்து, முதலில் ஏற்பிகள் காலியாக உள்ளபோது ஒளிர்வை அளக்கிறார்கள். பிறகு ஒரு பலத்த ஒளித்துடிப்பால் அவற்றை நிரப்பி மீண்டும் அளக்கிறார்கள். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை இரண்டாம் அளவால் வகுத்தால், நலமான இலையில் விடை ஏறத்தாழ 0.83 வரும். கடும் வெயிலாலோ குளிராலோ தாக்குண்ட இலையில் இந்த எண் குறைந்துவிடும். கண்ணுக்கு இலை அப்போதும் பச்சையாகவே இருக்கும்.