துணியில் தைத்து வைத்த ஊர்

ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று நாம் எதையெல்லாம் எடுத்தோம்? காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு பை அரிசி. சிலர் அம்மாவின் கூறைச் சேலையையும் மடித்து வைத்தோம். விதைநெல்லை விட்டுவிட்டுச் சேலையை எடுத்ததற்காகப் பிறகு வீட்டில் வாய்த்தர்க்கமும் வந்திருக்கும். எம்மைப் போலவே வயலையும் மாட்டையும் விட்டு ஓடிய வேறொரு மக்கள் துணியை வைத்து என்ன செய்தார்கள் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

அவர்கள் மொங் இனத்தவர்கள். லாவோஸ் நாட்டு மலைகளில் காடு வெட்டி எரித்து நெல்லும் சோளமும் விளைவித்தவர்கள். எமது சேனைப் பயிர்ச்செய்கையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1960களில் அங்கு நடந்த போரில் அவர்களில் பலர் அமெரிக்காவின் பக்கம் நின்று போரிட்டனர். 1975இல் மறுபக்கம் வென்றது. பழிவாங்கலுக்கு அஞ்சிப் பெருந்தொகையானோர் மீகொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குப் போனார்கள். மூங்கில் கட்டுகளையும் டயர் ரியூப்புகளையும் பிடித்துக்கொண்டு இரவில் நீந்தியவர்கள் உண்டு. அங்கிருந்த முகாம்களில் பான் வினாய் பெரியது. 1980களின் நடுப்பகுதியில் அதில் 40,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 1992இல் அது மூடப்பட்டது.

மொங் பெண்களின் கைவேலைக்குப் 'பா ண்டவ்' என்று பெயர். பூத்துணி என்பது பொருள். தாயிடமிருந்து மகள் சிறுவயதிலேயே பழகுவாள். கஞ்சா இனத்தைச் சேர்ந்த ஒரு நார்ச்செடியைத் தாமே பயிரிட்டு, நூற்று, நெய்தார்கள். அந்தத் துணியில் உருக்கிய தேன்மெழுகால் கோலம் கீறி, அவுரிச் சாயத்தில் பலமுறை தோய்த்து, பின் கொதிநீரில் மெழுகைக் கழற்றுவார்கள். மெழுகு இருந்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் கருநீலமாகவும் வரும்.

இன்னொரு வேலை கூடுதல் பொறுமை கேட்பது. ஒரு நிறத் துணியின் மேல் வேறு நிறத் துணியை விரித்து, மேல்துணியை மட்டும் கோல வடிவில் வெட்டுவார்கள். வெட்டிய ஓரத்தை ஊசி நுனியால் உள்ளே மடித்து, நூல் தெரியாத சிறு தையலாகத் தைத்துக்கொண்டு போக, அடித்துணியின் நிறம் கோலமாக எழும்பும். நத்தைச் சுருள், யானைக் கால், வெள்ளரி விதை, ஆட்டுக் கொம்பு என்று கோலங்களுக்குப் பெயர் உண்டு. எல்லாம் ஒரு கமக்காரன் கண்ணில் படுகிறவைதான்.

உடுப்பைப் பார்த்தே ஒருவர் எந்தப் பிரிவினர் என்று சொல்லிவிடலாம். வெள்ளை மொங் என்ற பெயரே பெண்களின் வெள்ளைப் பாவாடையால் வந்தது. இறந்தவரையும் நல்ல உடுப்பு உடுத்தியே அடக்கம் செய்தார்கள். அதைப் பார்த்துத்தான் முன்னோர் தம் பிள்ளையை அடையாளம் காண்பார்கள் என்று நம்பினார்கள். எமக்கு ஏணைச் சேலை எப்படியோ, அவர்களுக்குப் பிள்ளையை முதுகில் கட்டும் துணி அப்படி. அதற்கே ஆகச் சிறந்த வேலைப்பாடு செய்வார்கள்.

முகாமில் நார்ச்செடி நட நிலம் இல்லை. நிவாரண அரிசியை எதிர்பார்த்திருந்த காலத்தில் கையில் நேரம் மட்டும் மிஞ்சியிருந்தது. அப்போதுதான் புதிதாக ஒன்று பிறந்தது: கதைத்துணி. கடைத்துணியில் பெரும்பாலும் ஆண்கள் பேனையால் உருவங்களைக் கீறிக் கொடுக்க, பெண்கள் நிற நூலால் நிரப்பினார்கள். ஒரு மூலையில் வீடு, கோழிக்குத் தீன் போடும் பெண், காலால் மிதித்து நெல்லுக் குற்றும் உலக்கை. பக்கத்தில் விமானம், துவக்கோடு சிப்பாய்கள். நடுவே நீல ஆறும் அதில் மிதக்கும் தலைகளும். அக்கரையில் முகாம். முகாமில் பிறந்த பிள்ளைக்கு மலை வயல் எப்படி இருந்தது என்று காட்ட அதைவிட வேறு என்ன இருந்தது?

ஆனால் இவை விற்பதற்கென்றே செய்யப்பட்டவை என்பதையும் மறைக்கக் கூடாது. வெளிநாட்டவரின் வரவேற்பறைக்குப் பொருந்தவேண்டும் என்று சிவப்பும் மஞ்சளும் குறைந்து, மங்கிய நீலமும் மண்ணிறமும் வந்தன. ஆங்கில வசனங்களையும் தைத்தார்கள். தைத்த பெண்கள் பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. பாரம்பரியம் கெட்டது என்று சிலர் குறை சொன்னார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். அந்தக் காசில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வந்தது. அதே கைகள் வருடப்பிறப்பு உடுப்பையும் பிள்ளை கட்டும் துணியையும் பழைய நிறத்திலேயே வீட்டுக்காகத் தைத்தன. வாங்குபவர் கேட்ட நிறம் ஒரு பெட்டியில், தாய் காட்டிய நிறம் இன்னொரு பெட்டியில்.

அடுத்த குழுக்கூட்டத்துக்கு ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பழைய துணியைக் கொண்டு வருவோம். சேலைத் துண்டு, ஏணை, ஒட்டுப்போட்ட சாரம், எதுவானாலும் சரி. யார் உடுத்தது, எங்கே வாங்கியது, எந்த நாளில் கட்டியது என்று வீட்டின் மூத்தவர் சொல்ல, எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று கொப்பியில் எழுதட்டும். தையல் தெரிந்த அக்காமார் இரண்டு நிறச் சீலைத்துண்டும் கத்தரிக்கோலும் கொண்டு வந்தால், மேலே சொன்ன வெட்டுத்தையலை அங்கேயே பழகிப் பார்க்கலாம். முதல் கோலமாக வெள்ளரி விதை வேண்டாம். எமது வளவில் நின்ற ஏதாவது ஒன்றை வெட்டுவோம்.