எம்.டி.டி.யா, எஸ்.ஆர்.பி.யா? மூலிகைச் சாறு சோதிப்பவர்களுக்கு

கடுக்காய், ஆவாரை, நெல்லிக்காய் என்று ஏதாவது ஒரு சாற்றைப் புற்றுநோய்ச் செல்லில் விட்டு, எவ்வளவு செல் சாகிறது என்று பார்க்கும் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்குப் புதுக்கோட்டைப் பக்கமும் மவுசு உண்டு. போன மாதம் பாதிச் செல்லைக் கொன்ற அளவு இந்த மாதம் ஒன்றுமே செய்யவில்லை என்றால் பழி சாற்றின் மேல்தான் விழும். நான் முதலில் சந்தேகப்படுவது அளக்கிற முறையை.

1983-ல் மோஸ்மன் வெளியிட்ட எம்.டி.டி. முறைதான் எல்லோருக்கும் பழக்கம். உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாப் படிகமாக மாற்றும், அதை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்து 570 நானோமீட்டரில் ரீடிங் எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் மஞ்சளை ஊதாவாக்கச் செல்தான் வேண்டும் என்றில்லை. பாலிபீனால் மிகுந்த சாறே அதைச் செய்துவிடும். செல்லே போடாத வெல்லில் மீடியம், சாறு, எம்.டி.டி. மூன்றையும் விட்டு நான்கு மணி நேரம் வைத்துப் பாருங்கள். ஊதா ஏறினால், செத்த செல்லையும் ரீடர் உயிரோடிருப்பதாகக் கணக்குக் காட்டியிருக்கிறது. சாற்றின் ஒவ்வொரு தயாரிப்பிலும் பாலிபீனால் அளவு மாறும். கூடவே உங்கள் எண்ணும் மாறும்.

எஸ்.ஆர்.பி. 1990-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்திலிருந்து வந்தது. குளிர்ந்த ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தால் செல்லை பிளேட்டோடு நிலைநிறுத்தி, தண்ணீரில் நாலைந்து முறை அலசி, புரதத்தில் ஒட்டும் சிவப்புச் சாயத்தை ஏற்றுகிறார்கள். சாறு அலசலிலேயே போய்விடும். நம் ஊருக்கு இன்னொரு வசதி: உலர்ந்த பிளேட் நாள்கணக்கில் தாங்கும். கல்லூரியில் ரீடர் பழுதா, கரண்ட் இல்லையா, பிளேட்டையும் ட்ரிஸ் பாட்டிலையும் பையில் வைத்துக்கொண்டு திருச்சி பஸ் ஏறலாம்; அங்கே போய்க் கரைத்து 540-ல் படிக்கலாம். எம்.டி.டி. படிகத்தைக் கரைத்தபின் இப்படிக் காத்திருக்க முடியாது.

குறையும் உண்டு. மிதக்கும் ரத்தப் புற்றுநோய்ச் செல்கள் அலசலில் அடித்துப் போகும். செத்தும் ஒட்டிக்கொண்டிருக்கும் செல்லும் சாயம் வாங்கும். இதனால் மிதக்கும் செல்லுக்கு எம்.டி.டி.யே சரி, சாயம் சேர்க்குமுன் பிளேட்டை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிச் செல்லை அடியில் படியவைத்து, சாற்றுள்ள மீடியத்தை நீக்கிக் கழுவிவிடுங்கள், செல்லில்லாத வெல்லின் மதிப்பையும் கழியுங்கள். ஒட்டி வளரும் செல்லுக்கு, அதுவும் துவர்ப்புச் சாறு என்றால், யோசிக்காமல் எஸ்.ஆர்.பி. எதுவானாலும் பிளேட்டின் ஓரத்து 36 வெல்லில் செல் போடாதீர்கள். அங்கே மீடியம் சீக்கிரம் வற்றும்.

இரண்டு முறையிலும் எண் ஆடினால் குற்றம் செல்லிலும் இருக்கலாம். மைக்கோபிளாஸ்மா தொற்றினால் மீடியம் கலங்காது, பென்சிலின் அதைத் தொடாது, 0.22 மைக்ரான் ஃபில்டரிலும் நுழைந்துவிடும். வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு நான்கு வாரம், பி.சி.ஆரில் ஒரே நாள். புராஜெக்ட் காலத்துக்குப் பி.சி.ஆர்.தான். தொற்று உறுதியானால் மருந்து போட்டுக் காப்பாற்ற முயல்வதைவிட அந்த ஃபிளாஸ்க்கை ஆட்டோகிளேவில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதே எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

புதிதாக வாங்கும்போது பக்கத்து ஆய்வகத்தில் சும்மா கிடைக்கிற குப்பியா, புனே என்.சி.சி.எஸ். போன்ற செல் வங்கியா? வங்கிதான், எத்தனையாவது பாசேஜ் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கிச் செல்லுக்கும் எஸ்.டி.ஆர். அடையாளச் சான்று கேளுங்கள். கே.பி. என்று பெயர் ஒட்டி வருவதை வாய்ப் புற்றுநோய்ச் செல் என்று தலைப்பில் எழுதிவிடாதீர்கள். அது கருப்பை வாயிலிருந்து எடுத்த ஹீலா. ‘சாங் லிவர்’ என்பதும் அதேதான்.