துயருற்றார்க்குப் பண்ணும் ஐந்தெழுத்தும்

உற்றாரை இழந்து கலங்கி நிற்பாரிடம் அன்றே "தியானஞ் செய்க" என்று கூறுவாருளர். கருத்து நன்றேயாயினும் முறை நன்றன்று என்பேம். உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மைத்து என்பது சித்தாந்தத் துணிபு. துயரத்தைச் சார்ந்து துயரமேயாய் நிற்கும் உயிர்க்கு வேறொரு சார்பு தாராது, வாளா இருந்து உள்நோக்குக என்றால், அஃது ஆண்டுக் காண்பது அத்துயரத்தையே யன்றோ?

திருநாவுக்கரசர் வரலாற்றை நோக்குவாம். தந்தை புகழனார், தாய் மாதினியார், தமக்கையார்க்கு மணம் பேசப்பெற்றுப் போரிற் பட்ட கலிப்பகையார் என மூவரையும் இளமையிலேயே இழந்தவர் அவர். பின்னர்ச் சூலைநோயால் துடித்துத் திருவதிகையை அடைந்த ஞான்று, திலகவதியார் அவரைத் தனித்திருந்து தியானிக்க விடுத்திலர். ஐந்தெழுத்தைத் தாமே ஓதித் திருநீறு அளித்தார். அலகும் தோண்டியுங் கொண்டு தாம் நாடோறும் செய்யும் பணிக்குப் புறப்பட்டு, தம்பியையும் உடனழைத்துத் திருக்கோயில் புகுந்தார். ஆங்குக் கொல்லிப்பண்ணில் முதற் பதிகம் எழுந்தது. நோய் நீங்கியபின் பாடினாரல்லர், நோயினூடே பாடினார் என்பது கருதத்தக்கது. கல்லொடு கடலில் இடப்பட்ட பொழுதோ, ஓதுவிக்கப் பிறரை வேண்டாது நமச்சிவாயத் திருப்பதிகத்தைக் காந்தாரபஞ்சமத்தில் தாமே பாடினார்.

ஆகலின் துயருற்றார் முதற்கண் பிறர் பாடக் கேட்க. கொல்லி இக்காலத்து நவரோசு இராகத்தில் ஓதப்படுகின்றது. ஓதுவாரொருவர் விரைவின்றி இசைக்கக் கேட்டல் சாலும். வானொலியிற் கேட்பினும் இழுக்கின்று. கண்ணீர் வரின் வருக. சின்னாள் கழித்து உடன் பாடுக. குரல் நிலைபெற்றபின் ஐந்தெழுத்தை வாய்விட்டும், அடுத்து நாவசையும் அளவிலும், ஈற்றில் மனத்தளவிலும் கணிக்க. இவை வாசகம், உபாஞ்சு, மானதம் எனப்படும். மானதமே உயர்ந்ததென்று முதலிலேயே அதனைத் தொடங்கிய பலர் இடையிற் கைவிட்டதை யாம் கண்டுளேம்.